ஆச்சி மனோரமா: அரங்கும் திரையும்

தாயைப் பெற்றவளையும் தந்தையைப் பெற்றவளையும் யாழ்ப்பாணத்தார் ஆச்சி என்று அழைப்பர். சாட்டி மணற்கரையிலும் வேலணைப் பனங்கூடல்களிலும் வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல்லைக் கேட்டதும் நரைத்த தலையும் வெற்றிலைத் தட்டமுமே நினைவில் எழும். பாக்கு நீரிணைக்கு அப்பால் செட்டிநாட்டிலோ அதே சொல் மதிப்புக்குரிய குடும்பப் பெண்ணைக் குறிக்கும். வயது அங்கே கணக்கில்லை. அந்தச் செட்டிநாட்டில் வளர்ந்த காரணத்தால் ஆச்சி என்று பெயர் பெற்று, பின்னர் இருகரைத் தமிழரும் தத்தம் பொருளிலேயே அவ்வாறு அழைக்கும்படி வாழ்ந்தவர் நடிகை மனோரமா.

அவர் 1937ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் தஞ்சைத் தரணியில் மன்னார்குடியிற் பிறந்தார். இயற்பெயர் கோபிசாந்தா. கணவனாற் கைவிடப்பட்ட தாயார் இராமாமிர்தம், கைக்குழந்தையுடன் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்தார். வறுமை மிகுந்த வாழ்க்கை. தாயார் நோயுற்றதும் சிறுமியின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. எஞ்சியிருந்த செல்வம் குரல் ஒன்றே.

அக்குரலே அவரை அரங்குக்கு அழைத்துச் சென்றது. 'அந்தமான் காதலி' என்றொரு நாடகம் அப்பகுதியில் நடந்தபோது, பெண் வேடம் பூண்ட ஆடவருக்குப் பாட வரவில்லை. பாட்டுக்காக அழைக்கப்பட்டாள் பன்னிரண்டு வயதுச் சிறுமி. தீவகத்து நேயர்களுக்கு இது வியப்பளிக்காது. நாட்டுக்கூத்திலும் இசை நாடகத்திலும் இங்கே பெண் பாத்திரங்களை நெடுங்காலம் ஆடவரே தாங்கினர். மயான காண்டத்துச் சந்திரமதியின் புலம்பலை ஆண் குரலிற் கேட்டு அழுத கூட்டம் நம்முடையது. அக்கலைஞர்களின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு பெண் மேடையேறினால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் அந்த மரபின் பின்னே இருந்தது. அந்த அச்சத்தைப் பொருட்படுத்த வசதியில்லாத வறுமை பள்ளத்தூர்ச் சிறுமியை மேடைக்கு அனுப்பியது. இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜனும் அவளுக்கு மனோரமா என்று பெயர் சூட்டினர்.

நாடக மேடை எத்தகைய பள்ளிக்கூடம் என்பதை இக்காலத்தவர் எண்ணிப் பார்ப்பது அரிது. கடைசி வரிசையில் இருப்பவன் காதிலும் சொல் விழ வேண்டும். ஆயினும் அது கூச்சலாகிவிடக் கூடாது. வசனம் முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். எதிரே நடிப்பவர் ஒரு வரியை விட்டுவிட்டால், சபையோர் அறியாதபடி அவரைக் கதைக்குள் திருப்பிக்கொண்டு வரவும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவையும் அவர் வைரம் நாடக சபாவிலும், பின்பு எஸ். எஸ். இராஜேந்திரன் நடத்திய நாடக மன்றத்திலும் கற்றார். கலைஞர் கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' நாடகம் அவருக்குப் பெரும்பெயர் தந்தது. அறிஞர் அண்ணாவுடனும் கருணாநிதியுடனும் மேடையில் நடித்தார், எம். ஜி. இராமச்சந்திரன், ஜெயலலிதா, என். டி. இராமராவ் ஆகியோருடன் திரையில் நடித்தார். முதலமைச்சர் பதவி வகித்த ஐவருடன் நடித்தவர் என்று அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படுவது இதனாலேயே.

இலங்கையர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. அவர் முதன்முதலில் நடித்த திரைப்படம் தமிழ்ப்படமன்று. 'சுகுமலி' என்னும் சிங்களப் படம். ஆண்டு 1957. அதிற் கதாநாயகியின் தோழியாக வந்தார். அடுத்த ஆண்டு கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் தமிழ்த்திரை அவருக்குக் கதவு திறந்தது. கிடைத்ததோ நகைச்சுவை வேடம். மேடையிற் கதாநாயகியாக நின்ற பெண்ணுக்கு இது மனவருத்தம் தந்ததில் வியப்பில்லை. கதாநாயகி சில ஆண்டுகளில் மறக்கப்படுவாள், நகைச்சுவை நடிகையோ நெடுங்காலம் நிலைப்பாள் என்று கவிஞர் தேற்றியதாக அவரே பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கிறார். 1963இல் வெளிவந்த மாடர்ன் தியேட்டர்சாரின் 'கொஞ்சும் குமரி'யிற் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் காலம் கவிஞரின் பக்கமே நின்றது.

குணச்சித்திர வேடம் என்று நாம் சொல்வது யாது? கதையை நடத்திச் செல்பவர் தலைவனும் தலைவியும். அவர்கள் எந்த ஊரில், எத்தகைய மனிதரிடையே வாழ்கிறார்கள் என்பதை நம்பவைப்பவர் மற்றையோர். வேலைக்காரி, அத்தை, கிழவி, நாடகக்காரி ஆகியோர் வாய் திறந்த மாத்திரத்தில் ஊர் புலப்பட வேண்டும். மனோரமாவின் தனித்திறன் இங்கேதான் இருந்தது. 1967இல் கே. பாலசந்தர் இயக்கிய 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேசுடன் தூத்துக்குடிக் கடற்கரைப் பேச்சைப் பேசினார். 1986இல் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்திற் சென்னைத் தெருப் பேச்சு. 1992இல் 'சின்னக் கவுண்டர்' தாயாகக் கொங்குப் பேச்சு. யாழ்ப்பாணத்து வானொலி நேயர்கள் படத்தைக் காணாமலே, ஒலிபரப்பான வசனத்திலிருந்து அவரை இனங்கண்டது இக்குரல் வளத்தினாலன்றோ!

இவை யாவற்றினும் தலையாயது 1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பா'ளின் ஜில் ஜில் ரமாமணி. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய கதை. சிவாஜி கணேசன், பத்மினி, டி. எஸ். பாலையா, நாகேஷ் என்று ஒருவரையொருவர் விஞ்சும் நடிகர் கூட்டம். அதனிடையே சிறிது நேரமே வரும் நாடகக்காரி ரமாமணி. பகட்டான உடை, குழைந்த பேச்சு, வித்துவானைக் கண்டதும் வெகுளியான வியப்பு. நாதசுரத்தை நாயனம் என்று அவள் சொல்லும் தொனியே ஒரு பாத்திரப் படைப்பு. எளிதில் கேலிப்பொருளாகி இருக்கக்கூடிய வேடம் அது. மனோரமா அவளைக் கேலி செய்யவில்லை. ஊர் ஊராய்ப் பெட்டி தூக்கித் திரிந்த பெண்ணின் பெருமையும் தனிமையும் அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டிருக்கும் சபையோர் ஒரு கட்டத்திற் சிரிப்பை நிறுத்தி, இவள் நல்லவள் என்று உணர்கிறார்கள்.

அவரைத் திரையுலகம் எப்போதும் நன்கு பயன்படுத்தியது என்று சொல்ல இயலாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் என்று 1980களிற் கின்னஸ் நூல் அவரைப் பதிவு செய்தது. அவற்றுட் பல, படம் பெயரோடு மறைந்தவை. பல்லை நீட்டியும் முகத்தைக் கோணியும் பெண்ணின் தோற்றத்தையே சிரிப்பாக்கிய காட்சிகள் எத்தனையோ. எழுதியவர் சோம்பியிருந்த இடங்களைத் தம் குரலால் நிரப்பும் வேலையே அவருக்குப் பலகாலும் வாய்த்தது. அந்தப் பொய்ப்பல்லை 'சின்னக் கவுண்ட'ரிலும் அணிந்தார். ஆனால் அங்கே மகனைப் பார்க்கும் கண்கள் பல்லை மறக்கச் செய்தன.

சொந்த வாழ்க்கையிலும் தாயின் கதை திரும்பியது. 1964இல் நாடகத் தொடர்புடைய எஸ். எம். இராமநாதனை மணந்தார், இரண்டே ஆண்டுகளில் அம்மணம் முறிந்தது. மகனைத் தாயாரின் துணையுடன் வளர்த்தார். கணவரால் விடப்பட்ட இருபெண்கள் ஓர் இல்லத்தை நடத்தினர். அதன் வருவாய் மக்களின் சிரிப்பிலிருந்து வந்தது.

விருதுகள் காலந்தாழ்த்தியே வந்தன. திரைக்கு வந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின், பார்த்திபனின் 'புதிய பாதை'க்காக 1989ஆம் ஆண்டுக்குரிய சிறந்த துணை நடிகை தேசிய விருது கிடைத்தது. பத்மஸ்ரீ 2002இல். பாட்டி வேடங்களுக்கு அவர் வந்துசேர்ந்த காலம் அது. இளமையிலேயே ஆச்சி ஆனவருக்கு அவ்வேடத்திற்கென ஒப்பனை அதிகம் தேவைப்படவில்லை. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையிற் காலமானார். இரவு நேரத்திற் பழைய படப்பாடல்களிடையே ரமாமணியின் வசனம் ஒலிக்க நேர்ந்தால், தீவகத்து வீடுகளில் உள்ளறையிலிருக்கும் மூதாட்டியரும் வானொலி அருகே வந்து அமர்கின்றனர்.