இரதத்தின் ஒளியும் இயந்திரத்தின் அளவும்

கூலிம் வட்டாரத்துத் தோட்டத் திருவிழாக்களின் சிகரம் இரத ஊர்வலமே ஆகும். இருபுறமும் செம்பனை மரங்கள் இருள் கட்டி நிற்க, வண்ண விளக்குகளின் நடுவே அம்பிகை எழுந்தருளி வரும் காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். அந்த ஒளி வெள்ளம் அனைத்தும், இரதத்தின் பின்னே இழுத்து வரப்படும் ஒரு சிறு ஜெனரேட்டரிலிருந்து பிறக்கிறது என்பதைப் பக்தர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தீவட்டியும் கேஸ் விளக்கும் இரதத்திற்கு வழிகாட்டிய காலம் ஒன்று இருந்தது. பல தோட்டங்களில் நிர்வாகத்தின் மின் இயந்திரம் இரவில் சில மணி நேரமே லயன் வீடுகளுக்கு ஒளி தந்தது. இன்று நிலைமை வேறு. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட இவ்வட்டாரத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஆலைகளிலும் நகரங்களிலும் பணிபுரிகின்றனர். ஆயினும் திருவிழா என்றால் தாய்வீடு திரும்புவதுபோல் ஆலயம் நாடி வருகின்றனர். வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒருவர் சரவிளக்கு உபயம், மற்றொருவர் ஒளிவிளக்கு உபயம், இன்னொருவர் நீரூற்று உபயம் என இரதம் ஆண்டுதோறும் பொலிவு பெறுகிறது. ஜெனரேட்டர் மட்டும் அதே பழைய ஜெனரேட்டராக இருந்துவிடுகிறது. இடர் தோன்றும் இடம் இதுவே.

ஜெனரேட்டரின் தகட்டில் இரண்டு அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று உச்சத் திறன். மற்றொன்று தொடர் திறன். உச்சத் திறன் சில கணங்களுக்கு மட்டுமே உரியது. உச்சம் 5,500 வாட், தொடர் திறன் 5,000 வாட் எனக் கொள்வோம். ஊர்வலம் பல மணி நேரம் நீள்வதால், ஐந்தில் நான்கு பங்காகிய 4,000 வாட்டுக்குள் சுமையை அடக்குவதே நன்று.

இப்போது இரதத்தின் கணக்கைப் பார்ப்போம். 500 வாட் ஹாலோஜன் விளக்கு நான்கிற்கு 2,000 வாட். 15 வாட் குண்டு பல்பு நூற்றுக்கு 1,500 வாட். ஒலிபெருக்கிக்கு 600 வாட். ஆக 4,100 வாட். எல்லை அப்போதே கடந்துவிட்டது. இந்நிலையில் நீரூற்றுக்கு அரைக் குதிரைத் திறன் மோட்டார் ஒன்றைச் சேர்த்தால் என்னாகும்? ஓடும்போது 600 வாட் இழுக்கும் மோட்டார், புறப்படும் கணத்தில் அதைப்போல் மூன்று மடங்கு, சில வேளை அதற்கும் மேல் இழுக்கும். இயந்திரம் திணறும், விளக்குகள் மங்கும், இறுதியில் நடுச்சாலையில் இரதம் இருளில் மூழ்கும்.

பல்புகளை எல்.இ.டி. விளக்குகளாக மாற்றினால், ஏறக்குறைய அதே ஒளிக்கு ஒலிபெருக்கியையும் சேர்த்து 1,200 வாட் போதும். நீரூற்றுக்கும் இடம் உண்டு, எரிபொருளும் மிச்சம்.

இயக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். சுமையின்றி இயந்திரத்தை முடுக்கிச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, முதலில் மோட்டாரையும் பின்னர் விளக்குகளையும் இறுதியில் ஒலிபெருக்கியையும் இணைத்தல் வேண்டும். நிறுத்தும்போது சுமைகளை நீக்கிய பின்னரே இயந்திரத்தை அணைத்தல் வேண்டும். 13 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறத்தாழ 3,000 வாட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே சுமையைப் பிரித்து இணைப்பதே முறை. சுருளில் சுற்றியபடியே கிடக்கும் வயர் சூடேறி உருகும். அதனை முழுவதும் விரித்தே பயன்படுத்த வேண்டும். இயந்திரம் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றுவது தீயை அழைப்பதாகும். மூடிய கொட்டகையில் அதனை ஓட்டினால் புகையிலுள்ள நச்சு வாயு உயிரைப் பறிக்கும். மழையில் நனையும் இரதத்திற்கு, மின்கசிவு ஏற்பட்டதும் தானே துண்டிக்கும் கருவி இன்றியமையாதது.

கீழே கணக்கு சரியாக இருந்தாலும் மேலேயும் கண் வேண்டும். தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதால் சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். அலங்காரம் உயர உயர ஆபத்தும் நெருங்குகிறது. இரதத்தின் உயரத்தை அளந்து, செல்லும் பாதையை முன்கூட்டியே பார்வையிடுவது ஆலய நிர்வாகங்களின் நீங்காக் கடமையாகும்.

உபயம் தர முன்வரும் அன்பர்களின் பக்தி போற்றுதற்குரியது. எனினும், கொடியேற்றத்திற்கு முன்பே விளக்குகளைப் பட்டியலிட்டு, வாட் கணக்கிட்டு, தகுதி பெற்ற மின் பணியாளரிடம் காட்டி, எல்லை நிறைந்ததும் “போதும்” என்று பணிவுடன் கூறும் தொண்டர் ஒருவர் ஒவ்வோர் ஆலயத்திலும் இருத்தல் வேண்டும். மறுக்கப்பட்ட விளக்கின் காணிக்கையை அன்னதானத்திற்கோ நல்லதொரு மின்காப்புக் கருவிக்கோ திருப்பிவிடலாம். அதுவும் அம்பிகைக்குச் செய்யும் திருப்பணியே. புறப்பட்ட இரதம் ஒளி குன்றாமல், ஓர் உயிருக்கும் ஊறு நேராமல் நிலைக்குத் திரும்புவதே திருவிழாவின் நிறைவாகும்.