கடலுக்குள் இறங்கும் முன் ஒரு நிமிஷம்!

ராயபுரம், காசிமேடு வாசிகளுக்குக் கடல் பயமில்லை. லீவுக்கு அந்தமானோ புதுச்சேரியோ போனால், 'ஸ்கூபா டைவிங் செஞ்சு பார்க்கலாமே' என்று பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள். போகட்டும். ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்... கருவிகளை நம் வசதிக்கு மட்டுமல்ல, ஆபத்தில் உதவ வருபவரின் கைக்கும் எட்டும்படி மாட்டவேண்டும்!

* உபரி சுவாசக் குழாய் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மூச்சுக்குத் தவிக்கும் கூட்டாளிக்கான குழாய் அது. முகவாய்க்கும் விலா எலும்புக்கும் நடுவே, ஒரே இழுப்பில் வரும்படி செருகி வையுங்கள்.

* ஈய பெல்ட்டின் கொக்கி வலது கையால் சட்டென்று கழன்றுவர வேண்டும். அதன்மேல் வேறு வார் எதுவும் கிடக்கக் கூடாது.

* பிரஷர் மீட்டரைப் பார்த்தபடி நாலைந்து முறை மூச்சு இழுங்கள். முள் ஆடினால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கவில்லை. இறங்காதீர்கள்.

* கடைசியில், உங்கள் கருவிகளைக் கூட்டாளியும், அவருடையதை நீங்களும் தொட்டுப் பாருங்கள்.

மூச்சடக்கி முங்கிப் பழகியவர்கள் கவனம்! சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று, மேலே வரும்போது 2 மடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுவலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்!