வரிக்குதிரை மீன் நுண்ணோக்கல்

வரிக்குதிரை மீன் நுண்ணோக்கல் என்பது தெற்காசிய நன்னீர் மீனான வரிக்குதிரை மீனின் முளையத்தையும் குஞ்சையும் உயிருடனோ சாயமேற்றியோ நுண்ணோக்கியில் படம்பிடிக்கும் முறையாகும். முளையம் ஒளி ஊடுருவக்கூடியது. கருக்கட்டிய ஏறத்தாழ ஒரு நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை வெட்டாமலேயே காணலாம்.

உயிரற்ற மாதிரியில் அல்சியன் நீலம் குருத்தெலும்பையும், அலிசரின் சிவப்பு கால்சியம் படிந்த எலும்பையும் காட்டும். நீலச் சாயத்துடன் வழக்கமாகச் சேர்க்கும் அமிலம் கால்சியத்தைக் கரைப்பதால், இருக்கும் எலும்பும் இல்லாததுபோல் தோன்றலாம். இதனைத் தவிர்க்க வாக்கர், கிம்மெல் ஆகியோர் 2007 இல் அமிலமற்ற முறையை வெளியிட்டனர்.

தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கும் மிகுதி. அது எலும்பில் சேர்ந்து நோயுண்டாக்குகிறது. இத்தகைய எலும்பு நோய்களை மீனில் ஆராய்வோருக்கு மேற்கண்ட பிழை சிறிதன்று. உயிருள்ள குஞ்சுக்குக் கால்சீன் எனும் ஒளிர்சாயம் ஏற்றது. ஒரே மீனின் எலும்பு வளர்வதை நாள்தோறும் தொடரலாம்.