பயம் இருக்கட்டும், நாம் புறப்படுவோம்

"மற்றவைக்கு உதவி செய்ய எங்களிட்ட என்ன கிடக்குது? நாங்களே கியூவில நிண்டு அரிசி வாங்கின ஆக்கள்."

தொண்டர்களைத் தேடி நாம் கிராமங்களுக்குச் செல்லும்போது அநேகமாக எல்லா இடங்களிலும் கேட்கும் பதில் இது. இப்படிச் சொல்பவர்கள் மனமில்லாதவர்கள் அல்லர். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள், 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தவர்கள், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் ஊர் ஊராக ஓடியவர்கள் அவர்களுள் இருக்கிறார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு, விதைநெல்லைக் கைவிட்டு வந்த குடும்பங்கள் அவை. அவர்களுடைய தயக்கத்தின் அடியிலே இருப்பது பயம். அந்தப் பயத்தைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

பயம் முழுவதும் நீங்கிய பின்னர்தான் பணிக்கு வரலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். எமது அனுபவம் வேறு. பயம் முதலில் போவதில்லை. வேலை தொடங்கிய பின்னரே அது மெல்ல மெல்லக் குறைகிறது.

ஒளித்துச் சூடடித்த விவசாயி

விவிலியத்தில் நீதித்தலைவர்கள் நூலிலே கிதியோன் என்னும் விவசாயியைச் சந்திக்கிறோம். விளைச்சலை மிதியானியர் கொள்ளையிட்டு வந்த காலம் அது. களத்து மேட்டில் செய்ய வேண்டிய சூடடிப்பை அவர் திராட்சை ஆலைக்குள் ஒளித்துச் செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் இறைவனின் அழைப்பு வந்தது. தன் குலம் எளியது, தன் வீட்டில் தானே கடையவன் என்று அவர் தயங்கினார். பின்னர் பாகாலின் பலிபீடத்தை இடிக்கப் புறப்பட்டபோதும் ஊராருக்குப் பயந்து இரவிலேதான் போனார். ஆனால் தனியே போகவில்லை. பத்து வேலையாட்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

நெல்லை ஒளித்து வைத்து வாழ்ந்த எமக்கு இந்த மனிதர் அந்நியர் அல்லர். அவருடைய பயம் போகவில்லை. அந்தப் பயத்தோடேயே, துணையோடு போனார். வேலையும் நடந்தது.

பால் அல்ல, பசு

1937இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து விவசாயியும் சகோதரர் திருச்சபையைச் சேர்ந்தவருமான டான் வெஸ்ற் அங்கே நிவாரணப் பணிக்குச் சென்றார். பசித்த பிள்ளைகளுக்குப் பால்மாவைக் கரைத்து அளந்து கொடுப்பது அவருடைய வேலைகளுள் ஒன்று. பால் எல்லோருக்கும் போதவில்லை. ஒரு கோப்பைப் பாலுக்குப் பதிலாக ஒரு பசுவைக் கொடுத்தால் அந்தக் குடும்பம் தன் காலிலே நிற்குமே என்ற எண்ணம் அவருக்கு அங்கே உதித்தது.

ஊர் திரும்பி அயல் விவசாயிகளிடம் இதைச் சொன்னார். தங்கள் பட்டிகளிலிருந்து நாகுகளை வளர்த்துக் கொடுக்க அவர்கள் முன்வந்தார்கள். 1944இல் முதல் தொகுதி நாகுகள் போட்டோ ரிக்கோ தீவுக்குக் கப்பலில் சென்றன. பெற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: அந்த நாகு ஈனும் முதல் பெண் கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியவரே கொடுப்பவராகவும் ஆனார். ஹைபர் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் இயங்கும் நிறுவனத்தின் தொடக்கம் இதுதான்.

கடல் காணாத கமக்காரர்

1945இல் உலகப் போர் ஓய்ந்தபோது ஐரோப்பிய விவசாயிகள் பலரிடம் உழவுக் குதிரையும் இல்லை, கறவைப் பசுவும் இல்லை. கால்நடைகளைக் கப்பலில் அனுப்ப அன்றைய நிவாரண, புனர்வாழ்வு அமைப்பான 'உன்றா' ஏற்பாடு செய்தது. கப்பலிலே அவற்றைப் பராமரிக்க ஆட்களைத் திரட்டும் பொறுப்பைச் சகோதரர் திருச்சபை ஏற்றது. 1945 முதல் 1947 வரை சுமார் 7,000 பேர் இப்பணிக்குச் சென்றார்கள். விவசாயிகள், மாணவர்கள், ஆசிரியர்கள், போதகர்கள் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். 16 வயது இளைஞரும் இருந்தனர்.

அவர்களிற் பலர் அதற்குமுன் கடலையே கண்டதில்லை. போர்க்காலத்தில் கடலிலே போடப்பட்ட கண்ணிவெடிகள் பல இடங்களில் இன்னும் அகற்றப்படாதிருந்தன. புயலும் வாந்தியும் வேறு. போய்ச் சேர்ந்த துறைமுகங்களோ இடிந்து கிடந்தன. பயப்படாமல் யார் இருந்திருப்பார்கள்? ஆனால் விடிந்தால் தண்ணீர் வைக்க வேண்டும், வைக்கோல் போட வேண்டும், சாணம் அள்ள வேண்டும், ஈனும் பசுவுக்குத் துணை நிற்க வேண்டும். கடல் புதிது, மாடு புதிதல்ல. கைக்குப் பழகிய அந்த வேலை மனத்தைத் தாங்கிப் பிடித்தது.

இங்கேதான் எமக்கும் பாடம் இருக்கிறது. உங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்கிறீர்களே. எந்தத் தரைக்கு எந்த நெல் என்று உங்களுக்குத் தெரியும். பாழடைந்த கிணற்றை எப்படி இறைத்துத் துப்புரவாக்குவது என்றும் தெரியும். அதைவிட மேலாக, கியூவில் நிற்பவரின் மனம் உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், வெயிலிலே காக்க வைக்கக்கூடாது, பொதியைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்கக்கூடாது என்பவை வாங்கி அனுபவித்தவருக்கே நன்றாகத் தெரியும்.

கேட்க வேண்டிய பயம், கடக்க வேண்டிய பயம்

எல்லாப் பயத்தையும் வெல்ல வேண்டியதில்லை. சில பயங்கள் காவற்காரர். நிலக் கண்ணிவெடி பற்றிய பயம் அப்படிப்பட்டது. வடக்கில் வெடிபொருள் அகற்றும் பணி 2002இன் பின்னரும் 2009இன் பின்னரும் பெருமளவில் நடந்தது. ஆயினும் இன்னும் முற்றாக முடியவில்லை. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கும், துப்புரவாக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத பற்றைக்கும் தொண்டின் பெயராலும் கால் வைக்க வேண்டாம். சந்தேகமான பொருளைத் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். இது கோழைத்தனம் அல்ல.

மற்றப் பயங்களுக்கு மருந்து உண்டு.

"இவருக்கு இதிலே என்ன இலாபம்?" என்று ஊர் கதைக்குமோ என்ற பயம்: நெல்லை எல்லோர் முன்னிலையிலும் அளவுங்கள். யாருக்கு எத்தனை புசல் என்பதைப் பலகையில் எழுதி வையுங்கள். களஞ்சியத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டு, திறப்புகளை இருவரிடம் கொடுங்கள். திறந்த கணக்கைப் பார்த்த ஊர் அதிக நாள் சந்தேகப்படாது.

அலுவலகத்தில் பேசப் பயம்: கமநல நிலையத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ தனியே போக வேண்டாம். இருவராகப் போங்கள், கேட்க வேண்டியதை முன்பே எழுதிக்கொண்டு போங்கள். கணவனை இழந்த சகோதரி ஒருவர் இன்னொரு சகோதரிக்குத் துணையாகப் போவதும் பெரிய தொண்டுதான்.

தன் வயல் கெட்டுவிடுமோ என்ற பயம்: இது நியாயமானது. விதைப்பிலும் அறுவடையிலும் தொண்டரை அழைக்கக்கூடாது. கிழமையில் அரை நாள் போதும். தன் வீட்டு உலையை மறந்து செய்யும் தொண்டு நிலைக்காது.

துயரக் கதைகளைத் தாங்க முடியாதே என்ற பயம்: எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலே இருந்து கேட்டாலே போதும். மனம் பாரமானால் உடன் பணியாளரிடம் சொல்லி இறக்கி வையுங்கள்.

மற்றச் சமூகத்தவரிடம் போகப் பயம்: 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகளின் பின் மன்னார் முசலிப் பக்கம் திரும்பிய முஸ்லிம் விவசாயியும் காடு மண்டிய வயலைத்தான் கண்டார். அவருடைய வாசலுக்கு ஒரு தமிழ்த் தொண்டர் போக, இருவர் மனத்திலும் பயம் இருக்கும். மதத்தையும் இனத்தையும் விசாரிக்காமல் வரம்பைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் பேசத் தொடங்குங்கள். வயல் எல்லோருக்கும் பொதுவான மொழி.

சிறிதாகத் தொடங்குவோம்

ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் விதைநெல் தேவை. காலபோகத்துக்கு அவ்வளவைப் பெற்ற குடும்பம், அறுவடையின் பின் அதே அளவை அடுத்த குடும்பத்துக்குத் தன் கையால் அளந்து கொடுக்கட்டும். ஆட்டுக்குட்டியும் அப்படியே கைமாறலாம். அன்றைக்கு அந்தக் குடும்பம் நிவாரணப் பட்டியலில் ஒரு பெயராக இராது. அதுவும் ஒரு தொண்டர் குடும்பமாகிவிடும். மழை பொய்த்தால் அடுத்த போகம் வரை தவணை கொடுங்கள். கடன்காரரைப்போல் நெருக்க வேண்டாம்.

இழந்த காணியையும் இழந்த உறவையும் இந்த 2 புசல் திருப்பித் தராது. ஆனால் கொடுக்கும் கை இன்னும் எமக்கு இருக்கிறது என்பதை அது காட்டும். எனவே, அன்பான வாசகர்களே, பயம் போகட்டும் என்று காத்திராதீர்கள். ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள், கைக்குத் தெரிந்த ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கள், இந்தக் கிழமையே புறப்படுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட:

1. பிறருக்கு உதவப் போகவிடாமல் எம்மைத் தடுக்கும் பயம் எது? அது கேட்க வேண்டிய பயமா, கடக்க வேண்டிய பயமா?

2. நாம் உதவி பெற்ற நாட்களில் எமது மனத்தை நோகச் செய்தது எது? அதை நாம் பிறருக்குச் செய்யாதிருப்பது எப்படி?

3. எமது கிராமத்தில் கிணறு இறைக்க, வேலி அடைக்க, படிவம் நிரப்பத் துணை தேவைப்படும் குடும்பம் எது? அங்கே போகும் இருவர் யார்?