வலுவைக் கூட்டும் முன்: சூப்பர்சார்ஜரா, டர்போவா?

"பாரம் ஏற்றினால் மேட்டில் வண்டி திணறுகிறது, சூப்பர்சார்ஜர் பொருத்துவதா, டர்போ பொருத்துவதா? அதற்குக் கூடுதல் கடன் கிடைக்குமா?" பிக்அப் வாகனத்திற்குக் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் அவ்வப்போது எங்களிடம் கேட்கும் கேள்வி இது. ஒரு குடும்பத்தின் வருமானம் முழுவதும் ஒரே வாகனத்தை நம்பியிருக்கும்போது, இக்கேள்வி எழுவது இயல்பே. இரு கருவிகளும் என்ன செய்கின்றன என்பதை முதலில் காண்போம்.

என்ஜினின் வலு, அது எரிக்கும் எரிபொருளைப் பொறுத்தது. கூடுதல் எரிபொருளை எரிக்கக் கூடுதல் காற்று வேண்டும். இரு கருவிகளும் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் செலுத்துகின்றன. வேறுபாடு, அவை எங்கிருந்து இயங்கு சக்தியைப் பெறுகின்றன என்பதில் உள்ளது.

சூப்பர்சார்ஜரை என்ஜினே பெல்ட் மூலம் சுழற்றுகிறது. ஆதலால் ஆக்சிலேட்டரை மிதித்த உடனேயே, குறைந்த வேகத்திலும் இழுவை கிடைக்கிறது. ஆனால் அதைச் சுழற்றுவதற்கு என்ஜினின் வலுவில் ஒரு பகுதி செலவாவதால் எரிபொருள் செலவு கூடும். இத்தகைய கருவித் தொகுப்புகள் பெரும்பாலும் பெட்ரோல் என்ஜின்களுக்கே செய்யப்படுகின்றன.

டர்போவை, வெளியேறும் புகையே சுழற்றுகிறது. வீணாகப் போகும் ஆற்றல் பயன்படுவதால் இது சிக்கனமானது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற கருத்து இது. புகையின் விசை போதிய அளவு சேரும் வரை சற்றுத் தாமதம் இருக்கும், வெப்பமும் மிகுதி. டர்போவின் சக்கரம் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. ஆகவே தூய எண்ணெய் அதற்கு இன்றியமையாதது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. அத்தகைய மலைப்பகுதிகளில் டர்போவின் பயன் தெளிவாகத் தெரியும்.

நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் சரக்கு வாகனத்திற்கு, கணக்குப் பார்த்தால் டர்போவே ஏற்றது. இன்று நம் நாட்டில் விற்பனையாகும் டீசல் பிக்அப்புகளில் பெரும்பாலானவற்றில் ஆலையிலேயே டர்போ பொருத்தப்பட்டுள்ளது. அத்தகைய வாகனம் திணறினால், அடைபட்ட காற்று வடிகட்டி, கசியும் டர்போ குழாய், தேய்ந்த கிளட்ச், பழுதான இன்ஜெக்டர் ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். முதலில் இவற்றைப் பரிசோதிப்பது நன்று, செலவும் குறைவு.

டர்போ இல்லாத வாகனத்தில் வெளியிலிருந்து வாங்கிய கருவியைப் பொருத்தினால், காற்று மட்டுமே கூடுகிறது. பிஸ்டன், கிளட்ச், கியர் பெட்டி, ரேடியேட்டர், பிரேக் ஆகியவை பழைய வலுவுக்கென அமைந்தவையாகவே இருக்கும். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடை வரம்பும் ஒரு கிலோ கூட உயராது. வரம்பை மீறிப் பாரம் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் உண்டு.

இதனினும் முக்கியமானது சட்ட நிலை. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு, 182-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். தெரிவிக்கப்படாத மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கருவிக்கும் பொருத்து கூலிக்குமாக ரூ.1,50,000 கடன் வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 11 சதவீதம், 36 மாதங்கள் எனில் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.4,910, திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ.1,76,800. பாரம் கூடாததால் வாடகை வருமானம் பெரிதாக உயராது. தவணை மட்டும் உயரும். இழப்பீடு இல்லாமல் வாகனம் விபத்தில் அழிந்தாலும், கடன் பாக்கி அழிவதில்லை.

ஆகவே, எங்கள் பரிந்துரை இதுதான். முதலில் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் என்ஜினைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறகும் இழுவை போதவில்லை எனில், பழைய வாகனத்தைக் கொடுத்து, ஆலையிலேயே டர்போவும் உயர்ந்த எடை வரம்பும் கொண்ட வாகனத்திற்கு மாறுவது பற்றிக் கணக்கிட்டுப் பாருங்கள். கடன் நிலுவையில் உள்ள வாகனத்தில் எந்த மாற்றம் செய்வதாயினும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியையும் வங்கியின் எழுத்துபூர்வ இசைவையும் முன்னதாகவே பெற வேண்டும். பணிமனைக்கு முன்பணம் கொடுக்கும் முன், பதிவுச் சான்றையும் காப்பீட்டு ஆவணத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கு ஒருமுறை வாருங்கள்.