பனையோலையில் வந்த பதிகம்

சுவடிக் கண்காட்சி ஊருக்கு வந்தால், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை ஆயிரம் வருஷப் பழசு?" என்றுதான். பதில் பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். தமிழ்நாட்டில் இன்று மிஞ்சியிருக்கும் சுவடிகளில் பெரும்பகுதி 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. உள்ளே இருப்பது தேவாரமாகவோ சைவ ஆகமமாகவோ இருக்கலாம். ஏடு என்னவோ நம் பாட்டனுக்குப் பாட்டன் காலத்தது.

குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள திருமேனிநாதர் மேல் சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. பாடி ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலம் தாங்கி நின்ற ஒற்றை ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. ஓதுவார்கள் வாயில் பதிகம் நின்றது. ஓலை இற்றுப்போவதற்குள் யாரோ ஒருவர் புது ஓலையில் படி எடுத்தார். அவர் ஓலை இற்றுப்போவதற்குள் இன்னொருவர். கண்காட்சியில் நாம் பார்ப்பது அந்த வரிசையில் கடைசியாக வந்தவரின் கைவேலை.

அந்த வேலைக்கான மூலப்பொருள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் நிற்கிறது. இலங்கையின் பௌத்த மடங்களில் கூந்தற்பனை ஓலையில் எழுதினார்கள். அது அகலம், மெல்லிசு, நன்றாக வளையும். நம் வறண்ட காட்டில் கிடைப்பது சாதாரணப் பனை. இதன் ஓலை தடிப்பு. மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம் கிடைத்தாலே பெரிது. அந்த அகலத்துக்குள் ஏழெட்டு வரி எழுதினார்கள்.

குருத்தோலை எழுதத் தாங்காது. முற்றிய சாரோலை வெடிக்கும். இரண்டுக்கும் நடுப்பருவத்தில் வெட்டி, ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக நறுக்குவார்கள். இதற்கு ஓலை வாருதல் என்று பெயர். பிறகு வெந்நீரில் இட்டு எடுத்து, நிழலில் உலர்த்தி, சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். வேகவைத்தால் ஓலை துவளும். தேய்த்தால் எழுத்தாணி இடறாமல் ஓடும்.

எழுத்தாணியில் மை கிடையாது. அது ஓலையின் மேல்தோலைக் கீறுகிறது, அவ்வளவுதான். இடது கையில் ஏட்டைப் பிடித்து, இடது பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் பிறைபோல ஒரு பள்ளம் செய்து, எழுத்தாணியின் முனையை அதில் தாங்கிக்கொள்வார்கள். எழுத்தாணி பெரிதாக நகராது, ஏடுதான் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். மேசையும் வேண்டாம், விளக்கு வெளிச்சமும் அதிகம் வேண்டாம். பழகிய கை இருட்டிலும் எழுதும். எழுதி முடித்த ஏடு வெறும் கீறலாகத்தான் தெரியும். மாவிலைக் கரி, ஊமத்தையிலைச் சாறு, மஞ்சள் ஆகியவற்றைக் கலந்து பூசித் துடைத்தால் கரி கீறலுக்குள் தங்கிவிடும், மேலே உள்ளது போய்விடும். எழுத்து கறுப்பாகத் துலங்கும். இதை மையாடல் என்றார்கள்.

ஏட்டில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் செப்புக் கம்பியோ மூங்கில் குச்சியோ செருகியிருக்கும், அது நாராசம். மற்றதில் கயிறு. கயிற்றின் நுனி நழுவாமல் இருக்க ஓலைத் துண்டைக் கிளியின் அலகுபோல நறுக்கி முடிந்திருப்பார்கள். அதற்குக் கிளிமூக்கு என்றே பெயர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துத் துணியில் சுற்றினால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எத்தனை ஊர் வேண்டுமானாலும் நடக்கலாம். இன்றைய கண்காட்சிக் குழு ஈரப்பதமானி, அதிர்வு தாங்கும் பெட்டி என்று சுமந்து செல்வதைப் பார்த்தால் அந்தக் கால ஏற்பாடு எவ்வளவு சிக்கனம் என்று தோன்றத்தான் செய்கிறது.

படிப்பதுதான் கஷ்டம். பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. 'எ'கரமும் 'ஏ'காரமும் ஒரே கொம்பு. துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் தெரியாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. பாடல் எங்கே முடிகிறது என்பதை யாப்பு தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் படி எடுப்பவர் பொருள் தெரியாதவராக இருந்தால் பிழை பெருகும். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்குப் பல பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தது இதனால்தான். ஒரு பிரதியின் பிழையை இன்னொரு பிரதிதான் காட்டிக்கொடுக்கும்.

தேடிப் போன இடங்களில் அவர் பார்த்தவை எல்லாம் நல்ல காட்சிகள் அல்ல. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதுதான் சாத்திர விதியாம். கறையான் மட்டுமே சுவடிக்கு எதிரி என்று நினைத்துக்கொண்டிருப்போம். தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகளில் பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்ததாகத் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. எனக்கு என்னவோ இரண்டிலும் குற்றவாளி ஒன்றுதான் என்று படுகிறது: படி எடுப்பது நின்றுபோனது. காத்மாண்டுவில் 878-ஆம் ஆண்டு எழுதிய சுசுருத சங்கிதை ஓலைச்சுவடி இன்னும் இருக்கிறது. அங்கே குளிர் காப்பாற்றியது. நம் ஊர் வெயிலுக்கும் பூச்சிக்கும் கை ஓயாமல் எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அந்த வேலையை அச்சுக்கு மாற்றிய தலைமுறையில் இந்த வட்டாரத்துக்காரர் ஒருவர் முக்கியமானவர். அருப்புக்கோட்டைக்கு அருகே உள்ள பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் சொற்பொழிவுக்குத் திருக்குறள் கேட்டபோது ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை என்றும், அந்த ஆற்றாமையில்தான் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார் என்றும் சொல்வார்கள். சங்கத்தோடு சேர்ந்து நூலகமும் அச்சுக்கூடமும் 'செந்தமிழ்' இதழும் வந்தன. திருச்சுழியில் 1879-இல் பிறந்த ரமணர், மதுரையில் சிறுவனாக இருந்தபோது பெரியபுராணத்தைப் புத்தகமாகவே படித்தார். அவருக்கு இரண்டு தலைமுறை முந்திய பையன் அதை ஏட்டில்தான் படித்திருக்க முடியும்.

ஆகமங்கள் கதை வேறு. அவை சிவாசாரியார் வீடுகளில் கிரந்த எழுத்தில் தங்கியிருந்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955-இல் தொடங்கியபின் தென்னாடு முழுவதும் தேடிச் சேர்த்தவை, அங்குள்ள மற்ற சேகரிப்பையும் கூட்டினால் சுமார் 11,000 சுவடிகள். 2005-இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் இத்தொகுப்பு இடம்பெற்றது.

அடுத்த முறை கண்காட்சிக்குப் போனால் நடுப்பக்க ஏட்டைவிடக் கடைசி ஏட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். எழுதியவர் தன் பெயரையும் நாளையும் அங்கேதான் குறித்திருப்பார். தென்மாவட்டச் சுவடியானால் கொல்லம் ஆண்டாக இருக்கும். அதோடு 825 சேர்த்தால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வந்துவிடும். கொல்லம் 1000 என்றால் 1824-25.

வீட்டுப் பரணில் கட்டு ஒன்று கிடந்தால் செய்யக்கூடாதவை சில உண்டு. ஒட்டிக்கொண்ட ஏடுகளைக் கத்தியால் பிரிக்காதீர்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். பாதுகாப்பாளர்கள் பயன்படுத்துவது எலுமிச்சைப்புல் எண்ணெய், அதையும் அவர்களே தடவட்டும். பழைய நோட்டு, போட்டோவுக்குச் செய்வதுபோல் லேமினேஷன் மட்டும் கூடவே கூடாது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையோ பார்த்துச் சொல்வார்கள். அது திருமுறையாக இருக்கலாம், சோதிடமாக இருக்கலாம், யாரோ கொடுத்த கடன் கணக்காகவும் இருக்கலாம்.