ஒரு கான்ட்ராக்டர், இரண்டு பாஸ்புக்



எஸ்டிமேட்டிங் பாடத்தில் ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெண்ட் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். அப்ஸ்ட்ராக்டின் அடியில் ‘கான்ட்ராக்டர் லாபம் 10%’ என்று ஒரு வரி சேர்த்து, கோடு போட்டு முடித்துவிடுகிறோம். அந்த 10 சதவீதம் கடைசியில் கான்ட்ராக்டர் கையில் நிற்கிறதா, நிற்காவிட்டால் எங்கே போகிறது என்று மட்டும் எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை. நம்மில் பாதிப் பேர் “வேலைக்குப் போக மாட்டேன், சொந்தமா தொழில்தான்” என்று கேண்டீனில் சபதம் எடுத்தவர்கள். ஆகவே சிலபஸில் இல்லாத இந்தச் சமாச்சாரத்தைப் பற்றி நாலு வார்த்தை.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் சித்தப்பா சின்ன அளவில் கட்டட கான்ட்ராக்ட் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குக் கணக்கு எழுதுவது நான்தான். முதலாமாண்டிலிருந்து எழுதுகிறேன். சம்பளம் பிரியாணி.

ஒரு வீட்டு வேலை நடக்கிறது. லிண்டல் மட்டம் முடிந்ததும் வீட்டுக்காரர் 5 லட்சம் அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். போனைத் திறந்தால் பேலன்ஸ் 5 லட்சம் காட்டுகிறது. மனசு குளிர்ந்துவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கம்பி, சிமெண்ட் கடைக்குப் பாக்கி 2,10,000. செங்கல், எம்-சாண்ட் லாரிக்காரருக்கு 85,000. இரண்டு வாரக் கூலி 60,000. சென்ட்ரிங் சாமான் வாடகை 25,000. அடுத்தது ரூஃப், அதற்குக் கம்பிக்கு முன்பணம் 90,000. கூட்டினால் 4,70,000. ஆக, அந்த 5 லட்சத்தில் கான்ட்ராக்டருடையது 30,000 ரூபாய்தான். அதே கணக்கிலிருந்துதான் மகள் ஸ்கூல் ஃபீஸ், மளிகை, வண்டி டியூ, மச்சான் கல்யாணத்துக்குச் செய்முறை எல்லாம் போகிறது என்றால், 30,000 எப்போது தாண்டியது என்று யாருக்குத் தெரியும்? போன் சொல்லாது. அது மொத்தத்தை மட்டும்தான் காட்டும்.

தாண்டியதும் என்ன நடக்கும்? இந்த வீட்டு ரூஃபுக்கு அடுத்த தெரு வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்ஸ் வரும். அந்த வீட்டு பேஸ்மெண்டுக்கு மூன்றாவது வீட்டு அட்வான்ஸ். புது வேலை வந்துகொண்டே இருக்கும்வரை வண்டி ஓடும். ஒரு மழைக்காலம் வேலை நின்றால் மூன்று வீடும் பாதியில் நிற்கும். கான்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டார் என்று ஊர் பேசும். பல பேர் ஏமாற்றுவதே இல்லை என்பது என் அபிப்பிராயம். தன் காசு எது, அடுத்தவர் காசு எது என்று அவருக்கே தெரியாமல் போயிருக்கும்.

எங்கள் தெருவில் ஒரு கான்ட்ராக்டர் மாரடைப்பில் திடீரென்று இறந்துபோனார். நல்ல மனிதர். காரியம் முடிந்த மறுநாளே இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். “அக்கா, அண்ணன்கிட்ட மூணு லட்சம் குடுத்திருக்கேன், இன்னும் பூச்சு வேலைகூட ஆரம்பிக்கல” என்கிறார் ஒருவர். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று லட்சம் பொருளாக மாறியதா, கையிருப்பில் இருக்கிறதா, வீட்டுச் செலவில் கரைந்ததா என்று அந்த அம்மாவால் சொல்ல முடியவில்லை. இருந்தது ஒரே ஒரு சேவிங்ஸ் பாஸ்புக். அதில் கம்பிக் கடையும் இருக்கிறது, காஸ் சிலிண்டரும் இருக்கிறது. தனி முதலாளியின் கடனை அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் அடைக்க வேண்டும் என்பது சட்டம். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்? தாலிக்கொடி விற்றுத்தான் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அது கொடுக்க வேண்டிய பணம்தானா என்பது இன்றுவரை தெரியாது.

நம்ம வீடுகளில் மொய் நோட்டை மளிகை நோட்டோடு யாராவது சேர்த்து எழுதுகிறார்களா? மொய்ப் பணம் திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூடத் தெரியும். வீட்டுக்காரர் தரும் அட்வான்ஸும் அந்த ஜாதிதான்.

இனி சட்டப் பக்கம். தனி ஆளாகத் தொழில் செய்தால், அதாவது புரொப்ரைட்டர் என்றால், நீங்களும் உங்கள் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ போர்டும் சட்டத்தின் பார்வையில் ஒருவரே. பான் எண் ஒன்றுதான். கம்பெனிக் கடனுக்குச் சொந்த வீடும் பொறுப்பு. “அப்போ எதுக்கு சார் ரெண்டு அக்கவுண்ட்?” என்று சித்தப்பாவே முதலில் ஆடிட்டரிடம் கேட்டார். ஆடிட்டர் சொன்ன காரணங்கள் எனக்கு நியாயமாகப் பட்டன.

முதலாவது, வியாபார நிறுவனத்தின் பெயரில் சேவிங்ஸ் கணக்குத் தொடங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தொழிலுக்கு உரியது கரண்ட் அக்கவுண்ட். வட்டி கிடையாது, மினிமம் பேலன்ஸ் தொல்லை உண்டு. ஆனால் போர்டில் உள்ள பெயரில் செக் வாங்க அதுதான் வழி.

இரண்டாவது வருமான வரி. பெரும்பாலும் வங்கி வழியாகப் பணம் வாங்கும் சிறு கான்ட்ராக்டர், விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமலே வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டலாம். ரொக்க வரவுக்கு 8 சதவீதம். ஆண்டு வரவு 2 கோடி வரை இந்தச் சலுகை உண்டு. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. “புத்தகமே வேண்டாம்னுட்டாங்களே” என்று சந்தோஷப்படுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வரவு எவ்வளவு என்று சொல்ல வேண்டுமே! சீட்டு எடுத்த பணம், நகைக் கடன், அண்ணன் கொடுத்த கைமாற்று எல்லாம் கான்ட்ராக்ட் பணத்தோடு ஒரே கணக்கில் விழுந்திருந்தால், இது வரவு அல்ல, இது கடன் என்று ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டும். மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தால் எந்தச் சீட்டு, எந்த மாசம் என்று ஞாபகம் இருக்குமா?

டி.டி.எஸ். வேறு இருக்கிறது. ஒரு ஸ்கூல் டிரஸ்டுக்கு 4 லட்சம் பில் போட்டால், தனி ஆளுக்கு 1 சதவீதம் பிடித்துக்கொண்டு 3,96,000 அனுப்புவார்கள். அந்த 4,000 உங்கள் பான் எண்ணில் அரசாங்கத்திடம் இருக்கிறது, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். பில்லையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து டிக் அடித்தால்தான் இது கண்ணில் படும். நடுவில் நாற்பது மளிகை வரி இருந்தால் படாது.

ஜி.எஸ்.டி. இதைவிட மோசமான ஆசை காட்டும். பொருளும் வேலையும் சேர்த்து எடுக்கும் கான்ட்ராக்டருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். 10 லட்சம் பில்லுக்கு 18 சதவீதம் சேர்த்து 11,80,000 கணக்கில் விழும். பார்க்க அழகாக இருக்கும். அந்த 1,80,000-ல், பொருள் வாங்கும்போது நாம் கட்டிய வரி போக மீதி அரசாங்கத்துடையது. தாமதமானால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. சித்தப்பா அதற்கென்றே மூன்றாவதாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார். பில் பணம் வந்த அன்றே வரிப் பங்கு அங்கே போய்விடும். அந்தக் கணக்குக்குச் சித்தி வைத்த பெயர் ‘தொடக்கூடாத உண்டியல்’.

நம் செட்டுக்கு இன்னும் பொருத்தமான விஷயம் ஒன்று. நாலு நண்பர்கள் சேர்ந்து ‘அசோசியேட்ஸ்’ என்று போர்டு மாட்டுவோம். வங்கிக்கு அலைய யாருக்கும் பொறுமை இருக்காது. “டேய், உன் அக்கவுண்ட்லயே வாங்கிக்கடா” என்று ஒருவன் தலையில் கட்டுவோம். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். நாலு பேர் சம்பாதித்த பணம் அவன் பான் எண்ணில் மட்டும் வருமானமாக நிற்கும். வரி கேட்டு அவனுக்குத்தான் கடிதம் வரும். அப்போது மற்ற மூவரும் போன் எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்! கூட்டாகச் செய்வதென்றால் பார்ட்னர்ஷிப் பத்திரம், நிறுவனத்துக்குத் தனி பான், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு ஒரு கரண்ட் அக்கவுண்ட், இவ்வளவும் முதல் வேலைக்கு முன்பே வேண்டும். 1932-ஆம் வருஷச் சட்டப்படி பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், பில் பணம் தராத பார்ட்டி மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது.

பிரைவேட் லிமிடெட் என்றால் கதையே வேறு. 1896-ல் இங்கிலாந்தில் சாலமன் என்ற செருப்பு வியாபாரியின் வழக்கில், கம்பெனி வேறு, அதன் முதலாளி வேறு என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டிலும் அதுதான் அடிப்படை. முழுப் பங்கும் உங்களுடையதே என்றாலும் கம்பெனிப் பணம் உங்கள் பணம் அல்ல. சம்பளமாகவோ டிவிடெண்டாகவோதான் எடுக்கலாம். 10 சதவீதத்துக்கு மேல் ஓட்டுரிமை உள்ளவர் ‘கடன்’ என்று சொல்லி எடுத்தாலும், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாகவே கருதி வரி போடலாம்.

நடைமுறையில் சித்தப்பா செய்வது சுலபம்தான். வேலை சம்பந்தமான எல்லா வரவும் கரண்ட் அக்கவுண்டில். சைட் ஆபீஸில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கோடும் அதனுடையதே. மாசம் 5-ஆம் தேதி 25,000 ரூபாய் தன் சேவிங்ஸுக்கு மாற்றுவார். குடும்பம் அதில்தான் ஓடும். இதைச் சம்பளம் என்று செலவில் எழுதக் கூடாது. புரொப்ரைட்டர் தனக்குத்தானே சம்பளம் கொடுக்க முடியாது என்பதால் ‘டிராயிங்ஸ்’ என்று முதலில் கழித்து எழுதுகிறேன். சொந்தப் பணத்தைத் தொழிலில் போட்டால் அதுவும் பாங்க் வழியாக வந்து ‘கேபிடல்’ என்று ஏறும். சனிக்கிழமை கூலிக்கான ரொக்கத்தைக் கரண்ட் அக்கவுண்டில் எடுத்து, மஸ்டர் ரோலில் கையெழுத்து வாங்கிவிடுவோம். பெட்ரோல் மாதிரி இரண்டுக்கும் பொதுவான செலவை அவர் கைக்காசில் கொடுத்துவிட்டு மாசக் கடைசியில் ரசீதோடு வாங்கிக்கொள்வார். ரசீது தொலைந்தால் காசு போச்சு. சித்தியிடம் அப்பீல் கிடையாது.

கரண்ட் அக்கவுண்ட் தொடங்க ஆதார், பான் போக, தொழில் நடப்பதற்குச் சான்றாக நிறுவனத்தின் பெயரில் பொதுவாக இரண்டு ஆவணம் கேட்பார்கள். உத்யம் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. சான்று போன்றவை போதும். நாமினி பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டாம். உத்யம் பதிவுக்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத் தளம் அல்ல, மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.